பாட்டில் மருந்தும் வண்டியின் வியாதியும்



நம்மில் பலரிடம் இன்று கடைக்கென்று ஒரு வண்டி இருக்கிறது. ஆம்னி, ஈகோ, சிறிய லோடு வண்டி என்று அவரவர் வசதிக்கேற்ப வைத்திருக்கிறோம். உதிரிபாகக் கடைக்குப் போனால் கையடக்கமான ஒரு பாட்டிலைக் காட்டி, "இதை டேங்கில் ஊற்றுங்கள், இன்ஜின் சுத்தமாகும், மைலேஜ் கூடும்" என்கிறார்கள். ஊற்றலாமா, கூடாதா என்று நம் வியாபார நண்பர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் மெக்கானிக் அல்ல. மதுரையில் பருப்பு, வற்றல் மொத்த வியாபாரம் செய்பவன். ஆனால் இந்தப் பாட்டிலை நம்பி ஒரு நல்ல மனிதரை இழந்தவன். ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

2008-ல் ஒரு பெட்ரோல் ஆம்னி வாங்கினேன். கீழமாசி வீதியிலிருந்து சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோய்க் கொடுக்க அதுதான். பெட்ரோல் போட்ட தேதி, லிட்டர், மீட்டர் எண் மூன்றையும் சிட்டையில் எழுதிவைப்பது என் வழக்கம். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, 2013-ல் 12 ஆகி, 11 ஆகி, கடைசியில் 10-க்கு வந்துவிட்டது.

உதிரிபாகக் கடைக்காரர் சொன்னபடி ஒரு பாட்டில் ஊற்றினேன். பலனில்லை. அடுத்த டேங்குக்கு ஒன்று, அதற்கடுத்த டேங்குக்கு ஒன்று என்று மூன்று பாட்டில் ஊற்றியும் 10-ஐத் தாண்டவில்லை. அப்போதுதான் என் புத்தி கெட்டது. "மருந்து ஊற்றியும் மைலேஜ் வரவில்லை என்றால் பெட்ரோல் எங்கோ போகிறது" என்று முடிவு கட்டினேன். ஒன்பது வருடம் என்னிடம் வேலை பார்த்த டிரைவரைக் கூப்பிட்டு, வேலையாட்கள் முன்னிலையிலேயே கேட்டுவிட்டேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "கணக்கு அப்படிச் சொன்னா நான் என்ன சொல்றது முதலாளி" என்று சாவியைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

புதிதாக வந்தவர் ஓட்டியும் அதே 10-தான். வெட்கத்தோடு வண்டியை மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கிப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினார். சுற்றவில்லை. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தது. நாலு டயரிலும் காற்றும் குறைவு. "அண்ணாச்சி, காலில் கட்டை கட்டிவிட்டு வயிற்றுக்கு மருந்து கொடுத்திருக்கிறீர்களே" என்றார். பிரேக்கைச் சரிசெய்து, காற்று நிரப்பி, ஸ்பார்க் பிளக் மாற்றியதும் வண்டி மறுபடி 14-க்கு வந்தது. பாட்டில்களுக்குச் செலவழித்த பணத்தில் முக்கால்வாசிகூட ஆகவில்லை.

பாட்டிலில் இருப்பது என்ன?

அப்படியானால் அந்தப் பாட்டில் ஏமாற்று வேலையா என்றால், அதுவும் இல்லை. இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் துளை மிக மிகச் சிறியது. ஓடி நிறுத்திய சூடான இன்ஜினில், அந்த முனையில் தங்கும் சிறிதளவு பெட்ரோல் காய்ந்து பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். கடைக்குக் கடை நிறுத்தி, அணைத்து, மறுபடி கிளப்பும் நம் டெலிவரி வண்டிகளில் இது அதிகம். நாளடைவில் பெட்ரோல் பனிபோல் தூவாமல் கோடாக ஒழுகும். காலையில் கிளம்ப அடம் பிடிப்பது, நின்றபடி ஓடும்போது உதறுவது, பிக்கப் குறைவது எல்லாம் அதன் அறிகுறிகள்.

நல்ல பாட்டிலில் இருப்பது பாலி ஈதர் அமைன் என்ற ரசாயனம். அது கரி, பிசினைப் பற்றிப் பிடித்து, பெட்ரோலோடு கரைத்து, எரிய விட்டுவிடும். நாம் பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கை சோப்பு போட்டு எடுப்பது போலத்தான். அமெரிக்காவில் 1995 முதல் இத்தகைய சுத்திகரிப்புப் பொருள் எல்லாப் பெட்ரோலிலும் கலந்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆகவே விஷயம் உண்மைதான். ஆனால் அது இன்ஜெக்டர், வால்வு அழுக்குக்கு மட்டுமே மருந்து. பிரேக், டயர், கிளட்ச், தேய்ந்த பிஸ்டன் ரிங் எதற்கும் அது மருந்தல்ல.

இன்னொன்றும் உண்டு. சில புதிய கார்களில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. அவற்றில் உள்வால்வைப் பெட்ரோல் தொடுவதே இல்லை. எனவே டேங்கில் எதை ஊற்றினாலும் அந்த வால்வின் கரி போகாது. கேஸில் ஓடும் வண்டியிலும், பெட்ரோலில் ஓடும் நேரத்துக்கு மட்டுமே பாட்டில் வேலை செய்யும்.

பலன் தந்த ஒரு முறை

2020 ஊரடங்கில் என் இரண்டாவது வண்டி, ஒரு ஈகோ, பல வாரம் நின்றுவிட்டது. பிறகு எடுத்தபோது காலையில் உதறல். இம்முறை முதலில் மெக்கானிக்கிடம் போனேன். பிளக், ஏர் ஃபில்டர், பிரேக் எல்லாம் பார்த்து, "இன்ஜெக்டரில் அழுக்கு இருக்கலாம், ஒரு பாட்டில் ஊற்றிப் பாருங்கள்" என்றார். காலி டேங்கில் பாட்டிலை ஊற்றி, அதன்மேல் டேங்கை நிரப்பி, விருதுநகர் வரை நெடுஞ்சாலையில் போய்வந்தேன். அந்த டேங்க் தீர்வதற்குள் உதறல் ஏறக்குறைய நின்றுவிட்டது. மைலேஜ் அரை கிலோமீட்டர் கூடியது. வியாதி இன்னதென்று தெரிந்து கொடுத்த மருந்து, அதனால் பலித்தது.

நம் கணக்குப்படி பார்ப்போம்

வியாபாரிக்கு வியாபாரி பேசினால் கணக்கில்தான் பேச வேண்டும். ஒரு பாட்டில் ரூ.400 என்றும், பெட்ரோல் லிட்டர் ரூ.100 என்றும் வைத்துக்கொள்வோம். 40 லிட்டர் டேங்குக்கு ரூ.4,000. ஒவ்வொரு டேங்குக்கும் ஒரு பாட்டில் ஊற்றினால், மைலேஜ் பத்து சதவீதம் கூடினால்தான் போட்ட பணம் திரும்பும். அப்படி நடக்காது. அதையே 4,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஊற்றினால், 15 மைலேஜில் 300 லிட்டர், அதாவது ரூ.30,000 பெட்ரோலுக்கு ரூ.400 செலவு. ஒன்றேகால் சதவீதத்துக்குச் சற்று மேல் கூடினாலே கட்டுப்படியாகும். ஆகவே அளவோடு ஊற்றுபவருக்குப் பெரிய நஷ்டமில்லை. டேங்குக்கு டேங்க் ஊற்றுபவருக்கு லாபமில்லை.

கவனிக்க வேண்டியவை

1. முதலில் வண்டியைச் சமதரையில் நியூட்ரலில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். சுலபமாக நகராவிட்டால் கோளாறு பெட்ரோலில் இல்லை. வாரம் ஒருமுறை டயர் காற்று பாருங்கள்.

2. பெட்ரோல் மேல் சந்தேகம் வந்தால் பங்கில் ஃபில்டர் பேப்பர் சோதனை கேளுங்கள். ஒரு துளி விட்டால் சில நிமிடங்களில் கறையின்றிக் காய வேண்டும். அளவில் சந்தேகம் என்றால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். நம் தராசுக்கு முத்திரை கேட்கிறார்கள் அல்லவா, அதே சட்டம் அவர்களுக்கும் உண்டு.

3. 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக நாடெங்கும் வந்துவிட்டது. எத்தனாலில் பெட்ரோலைவிடச் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையக்கூடும் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையே சொல்கிறது. இந்தக் குறைவை எந்தப் பாட்டிலும் ஈடுகட்டாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், வண்டியைப் பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள்.

4. பெட்ரோல் பாட்டில் வேறு, டீசல் பாட்டில் வேறு. மாற்றி ஊற்றக் கூடாது. டீசல் வண்டிக்குப் பாட்டிலைவிட முக்கியம், ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றுவதும், அதில் தங்கும் தண்ணீரை வடிப்பதும். தண்ணீர் உள்ளே போனால் பம்பும் இன்ஜெக்டரும் சேர்ந்து கெடும். செலவு தாங்காது.

5. மண்ணெண்ணெய், தின்னர் ஊற்றினால் சுத்தமாகும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பாட்டில் வாங்கினாலும் சீல் பார்த்து, பில் போட்டு வாங்குங்கள். வாரண்டி உள்ள வண்டியானால் கம்பெனி கொடுத்த கையேட்டைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. பிரேக் கோளாறு தெரிந்த அன்று மாலையே அந்த டிரைவரின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, "தப்பு என்னுதுப்பா" என்றேன். உள்ளே அழைத்துக் காபி கொடுத்தார். ஆனால் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். திரும்பி வரவில்லை. சாவியை வைத்துவிட்டுப் போனது பத்துப் பேர் முன்னிலையில். நான் மன்னிப்புக் கேட்டது அவர் வீட்டு வாசலில். ஆகவே மறுநாள் கடையில் எல்லோரையும் நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன். அதையே இன்று உங்களிடமும் சொல்கிறேன்.

சிட்டை எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். ஆனால் மைலேஜ் குறைந்திருக்கிறது என்பதை மட்டும்தான் சிட்டை சொல்லும். ஏன் குறைந்தது என்பதை மெக்கானிக்கிடம் கேளுங்கள். அதற்குப் பிறகு பாட்டில் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். நம்மோடு உழைப்பவர்மீது சந்தேகப்படுவது கடைசிக்கும் கடைசியாக இருக்கட்டும்.