பட்டப் படிப்பில் விரைவும் நிதானமும்

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் சாலையில் பாலவனத்தம் என்னும் ஊர் இருக்கிறது. பேருந்தில் செல்வோர் கண்ணுக்குக் கரிசற்காடும், சீமைக்கருவேல மரங்களும், வானம் பார்த்த புஞ்சையுமே தென்படும். ஆயினும் தமிழ் பயிலும் மாணவர் அவ்வூர்ப் பெயரைக் கேட்டதும் சற்று நிமிர்ந்து உட்கார வேண்டும். 1901ஆம் ஆண்டு மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் (1867–1911) பாலவனத்தம் ஜமீன்தார் ஆவார். அச்சங்கத்துப் புலவர் வரிசையில் நாகூர் குலாம் காதிறு நாவலர் வீற்றிருந்ததையும், சங்கத்தைப் பொருளாகக் கொண்டு புலவராற்றுப்படை பாடியதையும் நம் கல்லூரியில் அறியாதார் இலர்.

அச்சங்கம் செய்த பணிகளுள் ஒன்று, தமிழுக்கெனத் தேர்வுகள் வகுத்தது. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என அவை மூன்று படிகளாக அமைந்தன. வேறோர் ஊரில் ஆசிரியப் பணி பார்த்துக்கொண்டே படித்து அத்தேர்வை எழுதியோரும் உண்டு. நம் மாவட்டத்து முறம்பில் பயின்று, 1919இல் அங்கேயே ஆசிரியப் பணியைத் தொடங்கிய தேவநேயப் பாவாணர் 1924இல் பண்டிதத் தேர்வில் தேறினார். அவர் முதுகலைப் பட்டம் பெற்றதோ 1944இல். இடையில் இருபது ஆண்டுகள். டாக்டர் மு. வரதராசனாரும் அலுவலக எழுத்தராக இருந்து, தாமே பயின்று, 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதல்வராக வந்தவர். 1948இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னாளில், 1971இல், மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் அமர்ந்தார்.

இவ்விருவரையும் காட்டி, "மெதுவாகப் படித்தால் போதும்" என்று மாணவரிடம் சொல்லிவிட முடியாது. அவர்கள் கையில் ஊதியம் இருந்தது; படிப்பு அதனோடு சேர்ந்து நடந்தது. திருச்சுழிப் பக்கத்திலிருந்து நாள்தோறும் இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்கு வரும் மாணவனுக்கோ, படிப்பு முடிந்த பிறகே ஊதியம். ஆகவே ஒரு பட்டத்தை எவ்வளவு காலத்தில் முடிப்பது என்னும் கேள்வியை, அவரவர் வீட்டு அடுப்பையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இக்கேள்விக்கு அண்மைக் காலம்வரை இடமே இருந்ததில்லை. மூன்றாண்டு என்றால் மூன்றாண்டுதான். நிலுவைத் தாள் வைத்தவனுக்கு மட்டும் அது நான்காகவும் ஐந்தாகவும் நீளும். 2024ஆம் ஆண்டின் இறுதியில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு புதிய வழிமுறையை அறிவித்து, 2025இல் ஒழுங்குமுறையாகவும் வெளியிட்டது. அதன்படி மூன்றாண்டுப் பட்டத்தை ஆறு பருவங்களுக்குப் பதிலாக ஐந்து பருவங்களில் முடிக்கலாம். தேவைப்படுவோர் இரண்டு பருவங்கள்வரை நீட்டித்துக்கொள்ளவும் செய்யலாம். பாடத்தின் அளவு குறையாது, கூடாது. விரைவுபடுத்துவோர் அனுமதிக்கப்பட்ட இடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது. நீட்டிப்போர்க்கு அத்தகைய வரம்பு இல்லை. குறைந்த அல்லது மிகுந்த காலத்தில் முடித்தார் என்ற குறிப்பு சான்றிதழில் இடம்பெறும். ஆயினும் வேலைக்கும் மேற்படிப்புக்கும் அது பிற பட்டங்களுக்கு நிகரானதே. இவ்வழி, தாம் சேர்ந்துள்ள பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட இடத்தில்தான் திறக்கும் என்பதையும் மாணவர் மறத்தல் கூடாது.

விரைவு என்றால் என்ன விலை என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 மதிப்புப் புள்ளிகள் என்று கொண்டால், ஆறு பருவத்தில் பருவத்துக்கு 20. ஐந்து பருவத்தில் 24. ஒரு புள்ளிக்கு 30 மணி நேரக் கற்றல் என்பது தேசியக் கணக்கு. ஆகவே பருவத்துக்கு 120 மணி நேரம் மிகுதி. பதினைந்து வாரங்களில் பங்கிட்டால் வாரத்துக்கு எட்டு மணி. ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விட்டது என்று பொருள். அந்த ஞாயிற்றுக்கிழமையில் தந்தையின் தறியில் உட்காரவோ, காட்டில் களை எடுக்கவோ கடமைப்பட்டவன் என்ன செய்வான்? நம் பகுதியில் மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். களையெடுப்பும் அப்போதே, பருவத் தேர்வும் அப்போதே! தேர்வு அட்டவணை வகுப்போர் ஒரு முறையேனும் புஞ்சைக் காட்டை நினைத்திருப்பார்களா என்று எண்ணத் தோன்றுகிறது.

விலை இவ்வளவு என்றால் வரவு எவ்வளவு? மிச்சமாவது ஆறு மாதம். ஐந்தாம் பருவம் கார்த்திகை, மார்கழியில் முடியும். முதுகலைச் சேர்க்கையோ ஆனியில்தான். மேலே படிக்க விரும்புவோர்க்கு அந்த அரையாண்டு வெறுங்காலமாகவே கழியக்கூடும். ஆனால் உடனே வேலைக்குச் செல்ல வேண்டியவனுக்கும், வளைகுடா நாட்டில் இடம் காத்திருப்பவனுக்கும், பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் அரசுப் பணித் தேர்வுக்கு ஆயத்தம் செய்பவனுக்கும் அது பொன்னான ஆறு மாதம். இத்தகையோரும் முதற்பருவத்தில் எல்லாத் தாளிலும் நன்கு தேறியிருந்தால் மட்டுமே இதில் இறங்கலாம்.

நீட்டிப்பைப் பற்றி நம்மவரிடையே ஒரு கூச்சம் உண்டு. "பையன் இன்னும் முடிக்கவில்லையா?" என்று பள்ளிவாசல் வாயிலில் ஒருவர் கேட்டுவிட்டால் தகப்பனார் தலை குனிகிறார். ஆங்கிலத் தாளில் முதற்பருவத்திலேயே சறுக்கியவன் ஆறு பருவமும் முழுச் சுமையைத் தூக்கி, இறுதியில் எட்டு நிலுவைத் தாளுடன் வெளியேறுகிறான். அவனே முன்கூட்டித் திட்டமிட்டு, குறைந்த தாள்களை எடுத்து, எட்டுப் பருவத்தில் தூய்மையாக முடித்திருந்தால், அது தாமதமாகக் கருதப்பட்டிருக்குமா? அரபி மதரஸாவில் ஓதிக்கொண்டே பட்டமும் பயிலும் இளைஞர்க்கும் நிதானமே ஏற்றது. 2022 முதல் இரு பட்டங்களை ஒரே காலத்தில் பயிலவும் மானியக் குழு இசைவு தந்துள்ளது; அதனை அவசரத்துக்கு இசைவு என்று கொள்ளலாகாது. கல்வி தேடுதலைக் கடமையாக்கிய நம் மார்க்கம், அதை இத்தனை பருவத்தில் முடிக்க வேண்டும் என்று கெடு விதிக்கவில்லை.

நேரடியாகக் கல்லூரிக்கு வர இயலாதோர்க்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. 1985இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இளங்கலைக்குக் குறைந்தது மூன்று, மிகுந்தது ஆறு ஆண்டு என இடம் தருகிறது. ஆனால் குறுக்கு வழி ஒன்றைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியவில்லை. பள்ளிப் படிப்பைத் தாண்டிக் குதித்து நேரே பட்டம் பெற்ற பலர், பத்தாம் வகுப்பு, மேனிலை வகுப்பு, பட்டம் என்ற வரிசையில் பெறாத திறந்தநிலைப் பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்படாது என்னும் 2009ஆம் ஆண்டின் அரசாணைக்குப் பின் திகைத்து நின்றனர். மிச்சம் பிடித்த ஆண்டுகள் அவர்களுக்குப் பயன்படவில்லை.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சமுதாயப் பெரியோர்களிடம் ஒரு சொல். இரண்டாம் ஆண்டில் நல்ல இடம் ஒன்று வருகிறது. "படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறோம். அந்தப் பிறகு பெரும்பாலும் வருவதில்லை. நன்கு படிக்கும் மகளுக்கு ஐந்து பருவ வழி இருந்தால், மாப்பிள்ளை வீட்டாரிடம் ஆறு மாதம் பொறுக்கக் கேட்பது எளிது. நிக்காஹ் முடிந்து, மகப்பேறும் வந்துவிட்டால், நீட்டிப்பு வழியில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்ற மாணவியர்க்கு, 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் படிப்பு முடியும்வரை மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. நீட்டித்த பருவங்களுக்கும் அது உண்டா என்பதைக் கையொப்பமிடுமுன் கல்லூரி அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும்.

விரைவோ நிதானமோ, விண்ணப்பத்தை முதற்பருவ முடிவிலோ இரண்டாம் பருவ முடிவிலோ கொடுக்க வேண்டும் என்பதே விதி. அதன்பின் கதவு அடைபடும். ஆகவே மூன்றாம் ஆண்டில் வீட்டில் நடக்கும் பேச்சு முதலாண்டு அரையாண்டு விடுமுறையிலேயே நடக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலையும் வீட்டுக் கணக்கையும் ஒருசேர விரித்து வைத்துக்கொண்டு.