வீட்டைச் சுமக்கும் டயர்கள்

வீடு என்றால் அசையாப் பொருள் என்பது நம் முன்னோர் கொள்கை. அமெரிக்காவிலோ வீடே நெடுஞ்சாலையில் ஓடுகின்றது. சமையலறை, படுக்கையறை, குளியலறை, தண்ணீர்த் தாங்கி ஆகிய யாவும் அமைந்த பெரிய வண்டியை அங்கே ‘மோட்டார் ஹோம்’ என்பர். ஊர்தி வீடு என நாம் அதனை வழங்கலாம். பஸ் வண்டியை ஒத்த பெரிய ஊர்தி வீட்டின் நிறை பத்துத் தொன்னுக்கும் மேற்படும். ஒரு குடும்பம் உண்பதும் உறங்குவதும் அதனுள்ளேயே. அத்துணைப் பாரமும் பெரும்பாலும் ஆறு டயர்களின் மீதே தங்கியிருக்கின்றது: முன்னே இரண்டு, பின்னே இரட்டை இரட்டையாக நான்கு. பழைய டயரைக் கழற்றிப் புதியது பூட்டும்போது எதனைத் தேர்வது என்பது, ஆதலின், உயிரோடு தொடர்புடைய வினாவாகும்.

உருவம் ஒன்று, தொழில் வேறு

இதனை விளக்கும் உண்மை நிகழ்ச்சியொன்று உண்டு. குட்இயர் கம்பனி 1996 முதல் 2003 வரை ‘ஜி 159’ என்னும் டயரைச் செய்தது. நகரத்தில் கடைகடையாக நின்று பொருள் இறக்கும் லொறிக்கு ஏற்றதாகிய அது, ஊர்தி வீடுகளிலும் பூட்டப்பட்டது. அளவு பொருந்தியது, தொழில் பொருந்தவில்லை. நகர லொறி சற்று ஓடும், சற்று நிற்கும், டயர் ஆறிக்கொள்ளும். ஊர்தி வீடோ கொளுத்தும் வெயிலில் மணிக்கணக்காக விரைவது. உள்வெப்பம் ஏறவே, டயரின் மேற்பட்டை பிரிந்து வண்டிகள் கவிழ்ந்தன.

2003இல் இவ்வாறு விபத்துக்குள்ளான ஒரு குடும்பம் தொடுத்த வழக்கிலே, டயர் அளவுமீறிச் சூடேறுவதைக் காட்டிய சோதனை முடிவுகள் மறைக்கப்பட்டமை பின்னர் வெளிப்பட்டது. அதற்கான தண்டப் பணத்தின் அளவு பற்றிய வாதம் 2017இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் வரை சென்றது. அதே ஆண்டின் இறுதியில் அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் திணைக்களம் விசாரணை தொடங்கிற்று. 1998 முதல் 2009 வரை இந்த டயர்களால் நேர்ந்த விபத்துக்களில் 8 பேர் மாண்டனர், 69 பேர் காயமுற்றனர் என்பது அதன் முடிபு. டயரிற் குற்றமில்லையென்று கம்பனி சாதித்தது; எனினும் 2022இல் ஏறக்குறைய 1,73,000 டயர்களை மீளப்பெற முன்வந்தது. பொருந்துகின்றதே என்று பூட்டுவது போதாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

டயர் பேசும் மொழி

டயரின் பக்கச் சுவரிலே அதன் வரலாறு முழுவதும் பொறிக்கப்பட்டுள்ளது. 275/80 ஆர் 22.5 என்றிருப்பின், அகலம் 275 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 80 பங்கு, ‘ஆர்’ என்பது உள்ளிழைகள் ஆரைப் போக்கில் அமைந்தமையைக் குறிப்பது, 22.5 என்பது சக்கர வளையத்தின் அங்குல விட்டம்.

அடுத்து 144/142 எல் என்பது போன்ற குறியொன்று காணப்படும். அதுவே முக்கியமானது. 144 எனின் தனித்து நிற்கும் டயர் 2,800 கிலோகிராம் தாங்கும்; 142 எனின் இரட்டையாக நிற்கையில் ஒவ்வொன்றும் 2,650 தாங்கும். இரட்டையிலே வெப்பம் எளிதில் வெளியேறாமையாலும், பாரம் என்றும் சமமாகப் பங்கிடப்படாமையாலும் இக்குறைவு ஏற்பட்டது. ‘எல்’ என்பது மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தைக் குறிக்கும். ‘ஜே’ எனின் 100 மாத்திரமே. நெடுஞ்சாலைப் பயணத்துக்கு எது தகும் என்பதை இவ்வோர் எழுத்தே சொல்லிவிடும்.

நிறையும் காற்றும்

மயிலிறகாயினும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்பதை நம் மாணவர் நன்கறிவர். ஊர்தி வீட்டில் ஏறுவது மயிலிறகன்று. தண்ணீரும் எரிபொருளும் பாத்திர பண்டங்களும் மனிதருமே. ஆகவே, பயணத்துக்கு ஏற்றியது ஏற்றியபடியே வண்டியை நிறுத்தல் வேண்டும். இயலுமாயின் சக்கரம் சக்கரமாக. குளிர்சாதனப் பெட்டியும் தண்ணீர்த் தாங்கியும் ஒரு பக்கமாக இருத்தலால், இரு பக்கமும் ஒத்திருப்பதில்லை. ஓர் அச்சின் பாரமிக்க பக்கத்தை எடுத்து, உற்பத்தியாளரின் அட்டவணையில் அதற்குரிய காற்றமுக்கத்தைக் கண்டு, அவ்வச்சின் எல்லா டயர்களுக்கும் அதனையே நிரப்புதல் முறை.

காற்றுக் குறைந்தால் விளைவது யாது? இத்தகைய டயர் ஒரு மைலுக்கு ஏறக்குறைய 500 முறை சுழல்கின்றது. ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கச் சுவர் மடிந்து நிமிர்கின்றது. கம்பியை வளைத்து நிமிர்த்த அது சூடேறுவது போன்றதே இதுவும். காற்றுக் குறையக் குறைய மடிப்பு மிகும். மடிப்பு மிக வெப்பம் மிகும். வெப்பம் மிக உள்ளடுக்குகள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும். டயர் குளிர்ந்திருக்கும் காலையிலேயே காற்றை அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அமுக்கம் உயர்ந்திருப்பது இயல்பு. அது கண்டு காற்றைத் திறந்துவிடலாகாது.

இளமைத் தோற்றம், முதுமை உடல்

லொறியின் டயர் தேய்ந்து மூப்படையும். ஊர்தி வீட்டின் டயர் தேயாமலே மூப்படையும். ஆண்டின் பெரும்பகுதி வெயிலில் நிற்பதால், ஞாயிற்றொளியும் வளியிலுள்ள ஓசோனும் இறப்பரை வெடிக்கச் செய்கின்றன. காப்பாக உள்ளே கலந்த மெழுகு, டயர் ஓடி மடியும்போதே நன்கு வெளியே கசிந்து பரவும். நிற்கும் டயருக்கு அப்பயன் குறைவு. பள்ளங்கள் ஆழமாயிருத்தலைக் கண்டு ஏமாறுவோர் பலர்.

பிறந்த நாளை அறிய வழியுண்டு. ‘டீ ஓ டீ’ எனத் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களை நோக்குக. 2324 எனின் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது. கடையிலே ‘புதிது’ எனத் தருவதும் சில ஆண்டுகள் கிடங்கிலே கிடந்ததாயிருக்கலாம். ஐந்து ஆண்டு கடந்தபின் ஆண்டுதோறும் வல்லுநரைக் கொண்டு சோதிப்பித்தலும், பத்து ஆண்டு கடந்ததை எவ்வளவு அழகாயிருப்பினும் நீக்குதலும் உற்பத்தியாளர் பலர் கூறும் நெறி.

வாங்குமுன் நோக்குவன

கூடிய பாரம் தாங்கும் டயரை வாங்குவோர், சக்கர வளையமும் அதற்குரிய கூடிய காற்றமுக்கத்தைத் தாங்குமா என உறுதி செய்க. இரட்டைச் சக்கரத்திலே இரு டயரும் ஒரே அளவும் ஒத்த தேய்வும் உடையனவாதல் வேண்டும். அன்றேல் பெரியது பாரத்தைச் சுமக்க, சிறியது இழுபடும். உள் டயரின் காற்றிறக்கம் கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. ஆதலின் அமுக்கத்தை ஓட்டுநருக்கு அறிவிக்கும் கருவி வீண் செலவன்று. முன் டயர்கள் வண்டியின் திசையை ஆள்வன; அவற்றைச் சோடியாகவே மாற்றுதல் நன்று.

1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொடைப் பூங்காவில் இறப்பர்க் கன்றுகள் நடப்பட்ட நாள் தொட்டு, இப்பொருளோடு நமக்கும் உறவுண்டு. கனரக டயர்களில் இயற்கை இறப்பர் இன்றும் பெரும்பங்கு வகிப்பதற்குக் காரணம், அது வெப்பத்தை ஓரளவு அடக்கி வைப்பதே. ஆயினும் எந்த இறப்பருக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை டயரின் சுவரிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. விலையைக் கேட்குமுன் அதனைக் குனிந்து படிப்பவரே, வீட்டோடு புறப்பட்டு வீட்டோடு திரும்புவர்.