வாசலுக்கு எந்த டைல்ஸ்? பளபளப்பைவிடப் பிடிமானம் ஏன் முக்கியம்?

மழை விட்ட காலையில் பெரம்பூரின் உள் தெருக்களில் நடந்தால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். வாசலில் ஒரு சாக்கு, அதன் மேல் பழைய துண்டு. சில வீடுகளில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்திருப்பார்கள். ஆசையாகப் பார்த்துப் பார்த்து வாங்கி ஒட்டிய பளபள டைல்ஸை மறைத்துத்தான் இவ்வளவும். காரணம் ஒன்றுதான்: வழுக்குகிறது.

வீட்டின் மற்ற தரைகளைப் போன்றதல்ல வாசல். வெயில், மழை, தெருமண், செருப்பு, பைக், கோலமாவு, மஞ்சள், விளக்கு எண்ணெய் என எல்லாம் படுகிற நாலடிக்கு ஐந்தடி இடம் அது. ஆனால், ஹாலுக்கு வாங்கியதில் மிஞ்சியதை வாசலுக்கு ஒட்டிவிடுவதே பல வீடுகளில் வழக்கம். ‘சின்ன இடம்தானே’ என்ற நினைப்புதான் பின்னால் சிக்கலாகிறது.

விபத்துக் காயங்களால் ஏற்படும் மரணங்களுக்கு, சாலை விபத்துக்கு அடுத்தபடியாகக் கீழே விழுவதே உலக அளவில் முக்கியக் காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆண்டுக்குச் சுமார் 6.84 லட்சம் பேர் இப்படி இறக்கிறார்கள். அதிகம் பாதிக்கப்படுவது 60 வயதைத் தாண்டியவர்கள். பால் பாக்கெட் எடுக்க விடியற்காலையில் வாசலுக்கு வருகிற தாத்தா, பாட்டிக்கு இது வெறும் அலங்கார விஷயம் இல்லை.

பெரம்பூர் வாசலின் தனிச் சிக்கல்

ரயில்வே பணிமனை, 1955-ல் தொடங்கிய ஐ.சி.எஃப்., பின்னி மில் ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்த பகுதி இது. பழைய வீடுகளில் உள்ளே சிவப்பு ஆக்சைடு, மொசைக் அல்லது கடப்பா கல். வாசலில் உளியால் கொத்திய கருங்கல் படி. அந்தக் கொத்துதான் ஈரக்காலுக்குப் பிடிமானம். புதுப்பிக்கும்போது அதை எடுத்துவிட்டுப் பளபள டைல்ஸ் போடும்போது அந்தப் பிடிமானமும் போய்விடுகிறது.

இன்னொன்று, சாலை மட்டம். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதால் சென்னையில் பல வீட்டு வாசல்கள் தெருவைவிடத் தாழ்ந்துவிட்டன. சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு உத்தரவிட்டார். ஆனால், ஏற்கெனவே பள்ளமான வாசல்கள் அப்படியேதான் இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பெரம்பூர், ஓட்டேரி, பட்டாளம், புளியந்தோப்பு பகுதிகளில் தண்ணீர் தேங்கியதை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வழுக்குவது ஏன்?

காலுக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் சிக்கும்போதுதான் வழுக்குகிறது. சொரசொரப்பான பரப்பில் உள்ள நுண்ணிய மேடுகள் அந்தப் படலத்தைக் கிழித்துப் பாதத்தைத் தொடும். கண்ணாடி போன்ற பரப்பில் அப்படி எதுவும் இல்லை. எண்ணெய், சோப்புத் தண்ணீர், ஈரமான கோலமாவு சேர்ந்தால் இன்னும் மோசம். காய்ந்திருக்கும்போது கடையில் தொட்டுப் பார்த்து ‘நல்லாத்தானே இருக்கு’ என்று முடிவெடுப்பது இதனால்தான் தவறாகிறது.

கேட்க வேண்டிய மூன்று எண்கள்

முதலாவது, ‘ஆர்’ மதிப்பு. சாய்தளத்தில் எண்ணெய் ஊற்றி, அதில் ஒருவரை நடக்கவைத்து, எந்தக் கோணத்தில் வழுக்குகிறது என்று பார்க்கும் ஜெர்மானியச் சோதனை இது. ஆர் 9 முதல் ஆர் 13 வரை உண்டு. கூரை உள்ள வாசலுக்கு ஆர் 10, மழை நேரடியாக விழும் வாசலுக்கும் பைக் ஏற்றும் சாய்தளத்துக்கும் ஆர் 11 பொருத்தம். ஆர் 12, 13 எல்லாம் தொழிற்கூடங்களுக்கானவை. வீட்டில் போட்டால் பெருக்கவும் முடியாது, துடைக்கவும் முடியாது.

இரண்டாவது, நீர் உறிஞ்சும் அளவு. 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாதவையே விட்ரிஃபைடு வகை. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15622 இந்த அளவை வைத்துத்தான் டைல்ஸைப் பிரிக்கிறது. 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சுபவை சுவருக்கானவை. விலை குறைவு என்று அவற்றைத் தரையில் போடக் கூடாது.

மூன்றாவது, தேய்மானத்தைக் காட்டும் ‘பி.இ.ஐ.’ எண். மெருகுப் பூச்சு உள்ள டைல்ஸுக்கு மட்டும் இது பொருந்தும். செருப்போடு வரும் மண் உப்புத்தாள் மாதிரி தேய்ப்பதால் வாசலுக்கு 4 இருப்பது நல்லது.

இந்த எண்கள் எல்லாப் பெட்டியிலும் அச்சிடப்பட்டிருக்காது. நிறுவனத்தின் தொழில்நுட்ப விவரத்தாளைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ‘ஆன்டி-ஸ்கிட்தாங்க’ என்ற வாய்வார்த்தை மட்டும் போதாது.

எந்த வாசலுக்கு எது?

பைக் ஏறி இறங்கும் வாசலுக்கு ‘பார்க்கிங் டைல்ஸ்’ எனப்படும் தடித்த வகை சரி. சைடு ஸ்டாண்டின் முழு எடையும் ஒரு புள்ளியில் இறங்குவதால், அடியில் ஒரு பலகைத் துண்டு வைப்பது நல்லது. நடந்து மட்டும் போகிற வாசலுக்கு மேட் பூச்சுள்ள விட்ரிஃபைடு போதும். அதில் ‘ஃபுல் பாடி’ வகை என்றால் ஓரம் உடைந்தாலும் உள்ளேயும் அதே நிறம் இருக்கும், விகாரமாகத் தெரியாது. கிரானைட் விருப்பம் என்றால், பாலிஷ் போட்டதைத் தவிர்த்து நெருப்பால் சொரசொரப்பாக்கிய ஃப்ளேம் பூச்சைக் கேட்கலாம்.

செட்டிநாட்டு ஆத்தங்குடி கற்கள் அழகுதான். ஆனால், கண்ணாடி மேல் வார்த்துச் செய்யும் அவை சூளையில் சுடாத சிமென்ட் கற்கள். நீரையும் எண்ணெயையும் உறிஞ்சும். வெயிலும் மழையும் படாத உள்நடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கோலம், மஞ்சள், எண்ணெய்

வெளிர் நிறப் பளபள டைல்ஸில் கோலமாவு நிற்காது, தெரியவும் தெரியாது. அடர் சாம்பல் அல்லது செங்கல் நிற மேட் டைல்ஸில் வெள்ளைக்கோடு பளிச்சென்று இருக்கும். ஆழமான வரிப்பள்ளம் உள்ள டைல்ஸில் கோடு உடைந்துபோகும், மாவும் பள்ளத்தில் தங்கும். எனவே நுண்ணிய சொரசொரப்பே போதும்.

நிலைப்படியில் பூசும் மஞ்சளும் விளக்கு எண்ணெயும் கறையாகும். மெருகுப் பூச்சு இல்லாமல் பாலிஷ் மட்டும் போட்ட வகையில் நுண்துளைகள் திறந்திருப்பதால் கறை எளிதில் இறங்கும். சாம்பிள் துண்டு ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து, மஞ்சளையும் எண்ணெயையும் குழைத்து ஓர் இரவு வைத்துத் துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடையில் இன்னொரு சோதனை: டைல்ஸைத் தரையில் வைத்து, தண்ணீர் தெளித்து, வெறுங்காலிலும் தினமும் போடும் செருப்பிலும் பக்கத்தில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு தேய்த்துப் பாருங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

ஒட்டுவதில்தான் பாதி விஷயம்

நல்ல டைல்ஸும் வாட்டம் சரியில்லை என்றால் வீண். தண்ணீர் தெருப்பக்கம் ஓட, மூன்றடி நீளத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் சரிவு வேண்டும். வேலை முடிந்ததும் மேஸ்திரி இருக்கும்போதே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட வேண்டும்.

விட்ரிஃபைடு டைல்ஸ் நீரை உறிஞ்சாததால் சிமென்ட் பாலில் சரியாகப் பிடிக்காது. அதற்கான பசை வேண்டும், ஐ.எஸ். 15477 தரக்குறி உள்ளதா என்று பார்க்கலாம். நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் கலவை வைத்து ஒட்டினால் அடியில் வெற்றிடம் இருக்கும். பைக் ஏறியதும் விரிசல் விழும். காய்ந்த பின் நாணயத்தால் தட்டினால் வெற்றிடம் உள்ள இடத்தில் சத்தம் மாறும்.

பழைய தரைக்கு மேலேயே ஒட்டினால் மட்டம் அரை அங்குலமாவது உயரும். கதவு இடிக்குமா, வாசல் உயர்ந்து ஹால் பள்ளமாகுமா என்று முதலில் அளக்க வேண்டும். இந்த உயரத்தை நம்பி வெள்ளம் உள்ளே வராது என்று நினைக்கவும் முடியாது. அதற்குத் தனியாக தடுப்புப் படி தேவை. சாய்தளத்தைத் தெருவுக்கு நீட்டி மழைநீர் வடிகாலை அடைத்தால், தண்ணீர் திரும்பி அதே வாசலுக்குத்தான் வரும்.

20 சதுர அடி வாசலுக்கு ஓரடி டைல்ஸ் 20 போதும் என்றாலும் 22 வாங்க வேண்டும். வெட்டுச் சேதம் உண்டு. எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பார்ப்பதும், இரண்டு டைல்ஸைப் பரணில் பத்திரப்படுத்துவதும் பின்னாளில் உதவும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள்?

எல்லோராலும் டைல்ஸை மாற்ற முடியாது. படி ஓரத்தில் சொரசொரப்பான ஒட்டுப்பட்டை, அடியில் ரப்பர் பிடிமானம் உள்ள மிதியடி, ஒரு கைப்பிடிக் கம்பி ஆகியவை குறைந்த செலவில் முடியும். சாக்கும் துண்டும் மட்டும் வேண்டாம். ஈரத் தரையில் அவையே காலோடு நகர்ந்து ஆளைச் சாய்த்துவிடும்.