தொட்டால் தேள் கொட்டும் வேதனை. சமைத்தால் சத்தான கீரை: இமயமலையின் 'பிச்சு காஸ்' செடியின் கதை

டேராடூன்: உத்தராகண்ட் மாநிலத்தின் மலைப்பாதைகளில் நடப்போரை உள்ளூர் மக்கள் முதலில் எச்சரிப்பது ஒரு செடியைப் பற்றித்தான். இந்தியில் அதன் பெயர் 'பிச்சு காஸ்'. பிச்சு என்றால் தேள். காஸ் என்றால் புல். கர்வால் பகுதியில் 'கண்டாலி' என்றும், குமாவுனில் 'சிசூண்' என்றும், சிக்கிமிலும் நேபாளத்திலும் 'சிஸ்னு' என்றும் இதனை அழைக்கின்றனர். இலையின் மீது கை பட்ட சில நொடிகளில் தோல் எரியத் தொடங்கும். சிவந்த தடிப்புகள் எழும். அரிப்பு பல மணி நேரம் நீடிக்கும்.

மலைக்கிராமங்களில் அடங்காத பிள்ளைகளை மிரட்டுவதற்கு ஒரு காலத்தில் இச்செடியின் பெயரே போதுமானதாக இருந்தது. அதே செடி இன்று கீரையாகவும், தேநீராகவும், துணியாகவும் சந்தைக்கு வந்துள்ளது. 'பல நோய்களைத் தீர்க்கும் மூலிகை' என்ற விளம்பரமும் உடன் வந்திருப்பதால், இச்செடியைப் பற்றிய சரியான தகவல்களை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

எரிச்சல் உண்டாவது எப்படி?

இச்செடி 'அர்ட்டிகா' என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. எரித்தல் எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. உடலில் திடீரெனத் தோன்றும் அரிப்புத் தடிப்புகளுக்கு மருத்துவர்கள் வழங்கும் 'அர்ட்டிகேரியா' என்ற பெயரும் இதிலிருந்தே வந்தது.

செடியின் தண்டிலும் இலையிலும் காணப்படும் மெல்லிய முடிகள் ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய ஊசி. அடியில் திரவம் நிறைந்த சிறு பை இருக்கும். அதன் மேல் உள்ளீடற்ற குழாய் நீண்டிருக்கும். குழாயின் நுனி, கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவால் ஆனது. எனவே லேசாக உரசினாலும் நுனியில் உள்ள குமிழ் முறிந்துவிடுகிறது. முறிந்த இடம் ஊசி முனையைப் போலச் சாய்வாகக் கூர்மை பெற்றுத் தோலில் இறங்குகிறது. அந்த அழுத்தத்தில் அடியிலுள்ள பை நசுங்கி, திரவம் தோலுக்குள் செல்கிறது. மருத்துவமனையில் ஊசி போடும் முறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

திரவத்தில் இருப்பது என்ன?

எறும்புக் கடியில் உள்ள ஃபார்மிக் அமிலமே இந்த எரிச்சலுக்கும் காரணம் என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. பாடப்புத்தகங்கள் பலவற்றிலும் அவ்வாறே எழுதப்பட்டது. 1947ஆம் ஆண்டில் நில்ஸ் எம்மெலின், வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க் ஆகிய இரு ஆய்வாளர்கள், இத்திரவத்தில் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் ஆகிய வேதிப்பொருள்கள் இருப்பதை வெளியிட்டனர். செரட்டோனின் இருப்பது பின்னர் தெரியவந்தது.

இம்மூன்றும் மனித உடலிலும் இயல்பாகவே சுரப்பவை. ஒவ்வாமை ஏற்படும்போது நம் உடல் வெளியிடும் ஹிஸ்டமின், இரத்த நுண்குழாய்களை விரிவடையச் செய்து வீக்கத்தையும் அரிப்பையும் உண்டாக்குகிறது. அசிட்டைல்கோலினும் செரட்டோனினும் வலியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகின்றன. அதாவது, உடல் தனக்குள் பயன்படுத்தும் செய்திகளையே இச்செடி தவறான இடத்தில், தவறான அளவில் செலுத்துகிறது.

வலி நெடுநேரம் நீடிப்பதற்கு ஹிஸ்டமின் மட்டும் காரணமாக இருக்க முடியாது. இதே பேரினத்தைச் சேர்ந்த ஓர் ஆசியச் செடியை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, ஆக்சாலிக் அமிலமும் டார்டாரிக் அமிலமும் அதற்குக் காரணமாகலாம் எனக் கூறியது.

தற்காப்பும் அடைக்கலமும்

மேயும் விலங்குகளிடமிருந்து தப்பிப்பதற்காகவே செடி இந்த ஆயுதத்தை ஏந்தியிருக்கிறது. ஆயினும் பூச்சிகளிடம் அது எடுபடுவதில்லை. இமயமலையில் பரவலாகக் காணப்படும் 'இந்தியன் டார்ட்டாய்ஸ்ஷெல்' என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இந்த இலைகளைத் தின்றே வளர்கின்றன.

கிடுக்கியால் பறிக்கும் கீரை

வேகவைத்ததும் முடிகள் தளர்ந்து, கொட்டும் தன்மை அகன்றுவிடுகிறது. பூப்பதற்கு முன் உள்ள இளந்தளிர்களை மலைப்பகுதிப் பெண்கள் கிடுக்கியாலோ, கையில் துணியைச் சுற்றிக்கொண்டோ பறிக்கின்றனர். வேகவைத்து மசித்த கீரையை, 'ஜக்கியா' என்னும் விதையைக் கொண்டு தாளிப்பது கர்வால் வழக்கம். தமிழகத்தில் நாய்க்கடுகு என்று அறியப்படும் செடியின் விதையே அது. சோற்றுடனோ, கேழ்வரகு ரொட்டியுடனோ இக்கீரை பரிமாறப்படுகிறது.

இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் ஏ, சி, கே ஆகியவை இதில் உள்ளன. திபெத்திய யோகி மிலரேபா, குகைத் தவத்தின்போது இக்கீரையை மட்டுமே உண்டதால் உடல் பச்சை நிறமானார் என்பது மரபுக் கதை. அவருடைய ஓவியங்கள் பலவற்றில் உடலுக்குப் பச்சை வண்ணம் தீட்டப்படுவதற்கு இதுவே காரணம்.

நூலாகும் தண்டு

இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு செடியான 'ஜிரார்டினியா'வின் தண்டிலிருந்து நீண்ட, உறுதியான நார் கிடைக்கிறது. நேபாளத்தில் 'அல்லோ' எனப்படும் இச்செடியின் பட்டையை உரித்து, சாம்பலிட்டு வேகவைத்து, அடித்து அலசி நூல் நூற்கின்றனர். முதலாம் உலகப் போரின்போது பருத்தி கிடைக்காத ஜெர்மனி, அங்கு வளரும் அர்ட்டிகா செடியின் நாரைக் கொண்டு இராணுவச் சீருடைகளைத் தயாரித்தது.

2023ஆம் ஆண்டில் உத்தராகண்டின் 18 பொருள்களுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டபோது, 'பிச்சு பூட்டி' துணியும் அப்பட்டியலில் இடம்பெற்றது. உழவும் வேண்டாம், உரமும் வேண்டாம் என்று வளரும் ஒரு களை, வேலை தேடி ஆண்கள் சமவெளிக்குச் சென்றுவிட்ட கிராமங்களில் பெண்களுக்கு வருமானம் தரும் வாய்ப்பாக மாறியுள்ளது. வேருடன் பிடுங்காமல் தண்டை மட்டும் அறுத்தால், செடி மீண்டும் துளிர்க்கும். இந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பதைப் பொறுத்தே இவ்வருமானம் நிலைக்கும்.

மருந்தா, விளம்பரமா?

முதிய வயதில் ஏற்படும் புராஸ்டேட் வீக்கத்தால் உண்டாகும் சிறுநீர்த் தொல்லைகளுக்கு, இச்செடியின் வேர்ச்சாறு ஓரளவு நிவாரணம் தருவதாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. மூட்டுவலிக்கு இலையைப் பயன்படுத்தும் வழக்கம் ஐரோப்பாவிலும் இமயமலையிலும் உண்டு. எனினும் இவற்றுக்கான சான்றுகள் குறைவு. நீரிழிவையோ, புற்றுநோயையோ குணப்படுத்தும் என்று கூறி விற்பதற்கு ஆதாரம் இல்லை.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை உட்கொள்வோர், இக்கீரையில் மிகுந்துள்ள வைட்டமின் கே அம்மருந்தின் வேலையைக் குறைக்கக்கூடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோரும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதன் தேநீரையோ, மாத்திரையையோ உட்கொள்வது நல்லதல்ல.

காஞ்சொறி வேறு, இது வேறு

தமிழகத்தில் தொட்டால் அரிக்கும் செடியாக அறியப்படும் காஞ்சொறி, ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் முடிகளில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. ஆனால், நார் தரும் ஜிரார்டினியா நீலகிரியிலும் வளர்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு 'நீலகிரி நெட்டில்' என்ற பெயரும் உண்டு.

பட்டுவிட்டால் என்ன செய்வது?

முதல் விதி, தேய்க்கவோ சொறியவோ கூடாது; தேய்த்தால் முடிகள் இன்னும் ஆழமாக இறங்கும். சில நிமிடங்கள் தொடாமல் இருந்து, பின்னர் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். எஞ்சிய முடிகளை ஒட்டும் நாடாவை ஒட்டி எடுத்து நீக்கலாம். குளிர்ந்த நீரில் நனைத்த துணி எரிச்சலைத் தணிக்கும். தேவையெனில், மருத்துவரின் ஆலோசனைப்படி ஒவ்வாமைத் தடுப்பு மாத்திரை உட்கொள்ளலாம்.

பெரும்பாலோருக்கு ஒரு நாளுக்குள் பாதிப்பு அடங்கிவிடும். ஆனால், இப்பேரினத்தைச் சேர்ந்த நியூசிலாந்துச் செடியான 'ஓங்காஓங்கா', 1961ஆம் ஆண்டில் வேட்டைக்காரர் ஒருவரின் உயிரைப் பறித்தது. இந்தியச் செடி அத்தகைய கொடுமை உடையதன்று என்றாலும், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்து நேரலாம். மூச்சுத்திணறல், உதடு அல்லது நாக்கு வீக்கம், தலைசுற்றல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால், கைவைத்தியத்தை விடுத்து உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மலையேற்றத்துக்குச் செல்வோர் முழுக்கைச் சட்டையும், நீண்ட கால்சட்டையும் அணிவதே எளிய பாதுகாப்பு.