பேனலுக்கு வயதாகிவிட்டால் என்ன செய்வது?

உங்கள் ஊரில் பசுமை வீடு இருக்கிறதா? புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆலங்குடி, இலுப்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 2011-12ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் அது. ஆண்டுக்கு 60,000 வீடுகள், ஒவ்வொன்றும் 300 சதுர அடி. கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம் என்று வீட்டுக்கு 5 விளக்குகள். அவை சூரிய ஒளியில் எரிவதற்காகக் கூரைமேல் சோலார் பேனல் வைத்தார்கள்.

முதல் ஆண்டில் ஏறிய பேனல்களுக்கு 2036-37இல் 25 வயது நிறையும். சோலார் பேனலுக்குப் பொதுவாகச் சொல்லும் ஆயுள் அவ்வளவுதான். இன்று உங்களுக்குப் பத்து வயது என்றால், அப்போது நீங்கள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள். அல்லது வேலைக்கே போயிருப்பீர்கள். கீழே இறங்கும் பேனலை என்ன செய்வது என்று முடிவெடுக்கப்போவது உங்கள் தலைமுறை.

25 வயதானதும் பேனல் ஒரே நாளில் அணைந்துவிடாது. வெயிலிலும் மழையிலும் கிடந்து ஆண்டுக்கு ஏறத்தாழ அரை சதவீதம் திறன் குறையும். 100 வாட் பேனல் 25 ஆண்டு கழித்தும் 80 வாட்டாவது தர வேண்டும் என்றுதான் பெரும்பாலான நிறுவனங்கள் உத்தரவாதம் கொடுக்கின்றன. அதனால் விளக்கு எரியவில்லை என்றதும் பேனலைக் கழற்றி எறிவது பெரிய தவறு. முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். ஈய அமில பேட்டரி ஐந்தாறு ஆண்டுகளிலேயே தளர்ந்துவிடும். பேனல்மேல் புழுதி படிந்திருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், பின்பக்கப் பெட்டியில் இருக்கும் டயோடு கெட்டிருக்கலாம். இவை எல்லாம் சரிசெய்யக்கூடிய கோளாறுகள். எலக்ட்ரீஷியன் ஒரு மீட்டரை வைத்தே சோதித்துச் சொல்லிவிடுவார். திறன் குறைந்த பேனலும் சின்ன வேலைக்கு உதவும். ஆட்டுக்கொட்டகையில் ஒரு எல்இடி விளக்கு எரிய எவ்வளவு மின்சாரம் வேண்டும்?

ஆனால் எல்லாப் பேனலும் வயதாகித்தான் முடியும் என்றில்லை. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்தில் தென்னந்தோப்புகள் தோப்புதோப்பாகச் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து ஊர்கள் பல நாள் இருட்டில் இருந்தன. அந்த மாதிரிக் காற்றில் கூரைமேல் இருக்கும் பேனலும் தப்பாது. கண்ணாடி நொறுங்கிவிட்டால் அந்தப் பேனலின் கதை முடிந்தது.

பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. உடைந்த பேனல் எங்கே போகும்? பழைய இரும்புக் கடைக்கு. கடைக்காரர் சுற்றியுள்ள அலுமினியச் சட்டத்தைக் கழற்றுவார், வயரை அறுத்துச் செம்பை எடுப்பார். அவருக்குக் காசு கிடைப்பது அந்த இரண்டில்தான். மீதியை எடுத்துக்கொள்ள யாரும் இல்லாததால், அது கண்மாய்க் கரையிலோ குப்பைமேட்டிலோ போய்ச் சேரும். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? மீதியை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை நாம்தான் இன்னும் முழுதாகச் செய்யவில்லை.

அந்த மீதி எவ்வளவு என்று அறிய, முழுப் பேனலுக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போர்வெல்லில் 5 குதிரைத்திறன் சோலார் பம்பு ஓட்ட, 330 வாட் பேனல் சுமார் 15 வேண்டும். ஒன்று 20 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 300 கிலோ. சிலிக்கான் பேனலின் எடையில் ஏறத்தாழ 76 சதவீதம் கண்ணாடி, 10 சதவீதம் பிளாஸ்டிக் வகை, 8 சதவீதம் அலுமினியம், 5 சதவீதம் சிலிக்கான், 1 சதவீதம் செம்பு. அப்படியானால் அந்த ஒரு தோட்டத்தில் மட்டும் 228 கிலோ கண்ணாடி, 24 கிலோ அலுமினியம், 15 கிலோ சிலிக்கான், 3 கிலோ செம்பு இருக்கின்றன. இவற்றோடு வெள்ளியும் உண்டு. பேனலில் மெல்லிய கோடுகள் ஓடுகின்றனவே, மின்சாரத்தைத் திரட்டும் அந்தக் கோடுகள் வெள்ளியால் ஆனவை. எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்த வெள்ளி, விலையில் பெரிய பங்கைப் பிடித்துவிடும்.

சிலிக்கானும் லேசுப்பட்டதல்ல. குவார்ட்ஸ் என்னும் கல்லை மின் உலையில் பயங்கரமான சூட்டில் உருக்கி, திரும்பத்திரும்பச் சுத்திகரித்து எடுத்தது அது. அதைக் குப்பையில் போட்டால், அதற்குச் செலவான மின்சாரத்தையும் சேர்த்துத்தான் போடுகிறோம்.

சரி, பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? அங்கேதான் கஷ்டம். கடலை மிட்டாயிலிருந்து கடலையை மட்டும் உடையாமல் எடுத்திருக்கிறீர்களா? பேனலும் அப்படித்தான் செய்யப்படுகிறது. மேலே கண்ணாடி, அடுத்து இவிஏ என்ற பிளாஸ்டிக் பசைத்தாள், நடுவில் சிலிக்கான் செல்கள், மறுபடி பசைத்தாள், கடைசியில் பின்தாள். இந்த அடுக்கை 150 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி அழுத்துவார்கள். வெல்லப்பாகை மறுபடி சூடாக்கினால் இளகும். இந்தப் பசை ஒருமுறை இறுகிவிட்டால் பிறகு உருகவே உருகாது. 25 ஆண்டு மழைத்தண்ணீர் உள்ளே புகாமல் காக்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தார்கள். பேனலை நீண்ட நாள் வாழவைக்கும் அதே பசைதான், அதைப் பிரிக்க விடாமலும் தடுக்கிறது.

விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. பேனலை அப்படியே அரைத்துச் சலிப்பது ஒரு வழி. சுலபமானது, ஆனால் கண்ணாடித்தூளும் சிலிக்கானும் கலந்துபோய்த் தரம் குறைந்துவிடும். இன்னொரு வழி, புகை வெளியே போகாத உலையில் சுமார் 500 டிகிரியில் பசையை எரித்துவிடுவது. ஜப்பானில் 300 டிகிரி சூடேற்றிய நீளக் கத்தியால் கண்ணாடியையும் செல்லையும் பாளம்பாளமாகப் பிரிக்கிறார்கள். கண்ணாடி உடையாமல் கிடைக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான். செல்களில் இருக்கும் வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து மீட்கலாம். பிரான்சில் பேனல்களுக்கென்றே மறுசுழற்சி ஆலை 2018இல் வந்துவிட்டது.

நம் நாட்டில்? 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. சோலார் பேனலையும் அவை சேர்த்துக்கொண்டன. தயாரிக்கும் நிறுவனங்கள் 2034-35 வரை சேரும் பேனல் கழிவை, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லும் முறைப்படி சேமித்து வைக்க வேண்டும். பேட்டரிக்குத் தனி விதிகள் 2022இலேயே வந்தன. விதி வந்தது நல்லது. ஆனால் சேமித்து வைப்பது பாதி வேலைதான். பிரிக்கும் ஆலைகள் நம் ஊர்ப் பக்கத்திலேயே வர வேண்டும். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் எழுந்த 648 மெகாவாட் நிலையத்தில் மட்டும் சுமார் 25 லட்சம் பேனல்கள் இருக்கின்றன. 2041இல் அவற்றுக்கும் 25 வயது. அவ்வளவையும் லாரியில் ஏற்றித் தொலைதூர ஆலைக்கு அனுப்ப முடியுமா?

இப்போது கண்டிப்பாக நினைவில் வைக்க வேண்டிய ஒன்று. உடைந்த பேனலும் வெயில் பட்டால் மின்சாரம் தரும். அதற்குச் சுவிட்ச் கிடையாது, சூரியன்தான் சுவிட்ச். பல பேனல்களைக் கோத்த வரிசையில் சில நூறு வோல்ட் இருக்கும், அது உயிரை எடுக்கும். உடைந்த பேனலைக் கண்டால் கிட்டே போகாதீர்கள், பெரியவர்களைக் கூப்பிடுங்கள். பேனலின் பின்தாளுக்கோ வயருக்கோ யாராவது தீ வைத்தால் தடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். அதில் வரும் புகை நுரையீரலைக் கெடுக்கும். செல்களை இணைக்கும் பற்றவைப்பில் ஈயம் இருக்கிறது. பழைய பேட்டரியில் ஈயத்தோடு அமிலமும் இருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். மாடு தண்ணீர் குடிக்கும் கண்மாயில், நாம் குளிக்கும் ஊரணியில் அது கலக்கவே கூடாது.

பிரிக்கும் ஆலைக்கு முழுப் பேனல்தான் வேண்டும். சட்டத்தைக் கழற்றி நொறுக்கிவிட்டால் தரமான கண்ணாடியும் போச்சு, வெள்ளியும் போச்சு. ஆகவே கழற்றிய பேனலைப் பிரிக்காமல், நிழலில், மழை படாமல் வைக்கச் சொல்லுங்கள். விற்ற நிறுவனத்திடமோ, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ சோலார் பேனல் இருந்தால், இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். பில்லையும் உத்தரவாத அட்டையையும் வாங்கிப் பார்த்து, நிறுவனத்தின் பெயர், மாடல் எண், எத்தனை வாட், பொருத்திய தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, அந்தக் காகிதங்களோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். இருபது ஆண்டு கழித்து, இந்தப் பேனலை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று கேட்பவருக்கு உங்கள் நோட்டுதான் பதில் சொல்லும்.