கூடத்துத் தொலைக்காட்சியில் குடும்ப நினைவுகள்

நம் இல்லங்களில் அலமாரியின் மேல்தட்டைத் துழாவினால், 1980-களிலும் 1990-களிலும் பதிவான வீடியோ கேசட்டுகள் சில இன்றும் அகப்படும். திருமணப் பூசை, மூத்த மகனின் புதுநன்மை, பாட்டனாரின் நன்றித் திருப்பலி என்று எழுதி ஒட்டிய தாள் அப்படியே இருக்கும். உள்ளிருக்கும் நாடாவோ ஆண்டுதோறும் நலிந்து வரும். அதனை ஓட்டும் கருவியைக் கடைசிவரை உற்பத்தி செய்துவந்த ஃபுனாய் என்னும் ஜப்பானிய நிறுவனமும் 2016-ஆம் ஆண்டு அப்பணியை நிறுத்திவிட்டது. மறைந்த பெற்றோரின் குரல் அந்த நாடாவில் மட்டுமே எஞ்சியுள்ள குடும்பங்கள் இதனைத் தள்ளிப்போடலாகாது.

முதல் வேலை, கேசட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றுவது. நாடாவில் வெண்பூஞ்சை தென்பட்டால் அதனைக் கருவிக்குள் செலுத்தாமல், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே நன்று. மாற்றும்போதே 'எச்.264' என்ற வடிவில் சேமிக்கச் சொல்லுங்கள். இன்றைய தொலைக்காட்சிகள் அநேகமாக எல்லாம் அதனை நேரடியாக ஏற்கும். ஏற்காத வடிவமாயின், படம் ஓடும்போதே கணினி அதனை வேறு வடிவுக்கு மாற்றித் தரவேண்டும். பழைய கணினிக்கு அது பெரும் பாரம்.

இனி அக்கோப்புகளை வீட்டிலுள்ள எல்லாத் தொலைக்காட்சிகளுக்கும் வழங்க ஒரு கணினி வேண்டும். இதனையே 'சர்வர்' என்கின்றனர். மூலையில் கிடக்கும் பழைய கணினியும் 2 டெராபைட் ஹார்டு டிஸ்கும் போதும். அதில் நிறுவ, 'ஜெல்லிஃபின்' என்னும் மென்பொருளையே நாம் பரிந்துரைப்போம். 'எம்பி' என்ற மென்பொருள் தன் நிரலைப் பொதுவில் வெளியிடுவதை நிறுத்தியபோது, தன்னார்வலர்கள் 2018-ஆம் ஆண்டின் இறுதியில் அதிலிருந்து பிரித்து வளர்த்தது இது. கட்டணம் ஏதுமில்லை. கணினியை வைஃபை பெட்டியோடு கம்பி வழியே இணைத்து, தொலைக்காட்சியில் அதற்குரிய செயலியை நிறுவினால் ஆயிற்று. அதன்பின் படங்கள் வீட்டுக்குள்ளேயே ஓடுவதால், வெளி இணையம் அறுந்தாலும் காணலாம். வெளியூர்ப் பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று அதனை இணையத்திற்குத் திறந்துவிடுவதை, முறை அறிந்தவர் துணையின்றிச் செய்ய வேண்டா.

பிள்ளைகளுக்கெனத் தனிக் கணக்கு அமைத்து, அவர்கள் காணத்தக்கவற்றை மட்டும் அதில் காட்டவும் இயலும். ஆனால், திருட்டுத்தனமாய் இறக்கிய திரைப்படங்களை இக்களஞ்சியத்தில் நிரப்புவோரும் உண்டு. பிறர் உழைப்பைக் களவாடுவது கூடத்தில் அமர்ந்து செய்தாலும் களவுதான்.

உண்மையான உழைப்பு பெயரிடுவதில்தான் இருக்கிறது. 'வீடியோ 1', 'வீடியோ 2' என்று விட்டுவிட்டால் பத்தாண்டுகளில் எவருக்கும் எதுவும் விளங்காது. '1987 – சின்ன அத்தை திருமணம்' என ஆண்டை முன்வைத்து எழுதுங்கள். குடும்பத்தில் மூத்தவரை அருகில் அமர்த்திப் படத்தை நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும் அந்தப் பெண்மணி யார்? பாடற்குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர் எவ்வூர்? விடை சொல்லத் தெரிந்தவர் இன்று ஒருவரோ இருவரோதான் இருப்பர். அவர் கூறுவதைக் குறித்து, அதே கோப்புறையில் சேர்த்துவிடுங்கள்.

படுக்கையிலிருக்கும் முதியவரின் அறையில் சிறிய தொலைக்காட்சி ஒன்றிருந்தால், அதிலும் இவை தெரியும். நோயுற்றுப் படுத்திருந்த புனித கிளாரா, கோயிலுக்குச் செல்ல இயலாமலே கிறிஸ்து பிறப்பு இரவு வழிபாட்டைக் கண்டார் என்ற மரபினாலன்றோ, திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாக அறிவித்தார்!

ஒன்று மட்டும் மறவற்க. ஹார்டு டிஸ்க் எந்நாளும் முன்னறிவிப்பின்றிப் பழுதாகலாம். எனவே, எல்லாவற்றையும் மற்றொரு ஹார்டு டிஸ்கில் படியெடுத்து, அதனை நம் வீட்டில் வைக்காமல் உடன்பிறந்தார் வீட்டில் கொடுத்துவையுங்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அவர்கள் வரும்போது அதனையும் கையோடு எடுத்துவரச் சொன்னால், அவ்வாண்டின் புதிய படங்களையும் சேர்த்து அனுப்பிவிடலாம்.