சேற்றுக்குள் சிறைபட்ட தண்ணீர்

2019 ஜனவரி 25, மதியச் சாப்பாட்டு நேரம். பிரேசிலின் புருமாடின்யோ நகருக்கு அருகே வாலே நிறுவனத்தின் இரும்புத்தாதுச் சுரங்கத்தில் கழிவு அணை உடைந்தது. அணைக்குக் கீழேதான் தொழிலாளர்களின் உணவுக்கூடம். எச்சரிக்கைச் சங்கு ஊதவே இல்லை. 270 பேர் மாண்டார்கள். அணை உறுதியாக இருப்பதாகச் சில மாதங்களுக்கு முன்புதான் நிறுவனம் சான்றிதழ் வாங்கியிருந்தது.

மேலே புல் முளைத்துக் கெட்டியாகக் கிடந்த சேறு எப்படி ஆறாக ஓடியது? உள்ளே தண்ணீர் வடியாமல் நின்றதுதான் காரணம். தாதுவை மாவாக அரைத்து உலோகம் மிகுந்த பகுதியைப் பிரித்தபின் மிஞ்சும் நுண்துகள்கள் லேசில் அடியில் படியாது. ஒரே மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். களிமண் கலந்த கழிவு இறுக ஆண்டுக்கணக்கில் ஆகும்.

கலங்கல் தண்ணீரில் தேத்தாங்கொட்டையை உரசித் தெளியவைப்பது நமக்குப் பழக்கம். ஆலைகளில் அந்த வேலையைச் செய்வது பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமர். அது துகள்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டிச் சீக்கிரம் கீழே இறக்கிவிடும். ஆனால் கொத்தின் இடுக்குகளில் தண்ணீர் மாட்டிக்கொள்வதால் அடிச்சேறு பொதபொதவென்றே கிடக்கும்.

இதற்கு மாற்றாக ஆய்வில் இருப்பவை, சூட்டைப் பொறுத்துக் குணம் மாறும் பாலிமர்கள். முக்கியமானது பாலி-என்-ஐசோபுரோப்பைல்-அக்ரிலமைடு. சுமார் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது நீரை வெறுக்கும். அது ஒட்டியிருக்கும் துகள்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு விரைவாகப் படியும். பிறகு குளிரவைத்தால் பாலிமர் மறுபடி நீரை விரும்பும், பிடி தளரும். துகள்கள் வழுக்கி நெருங்கி அமர, இடுக்கிலிருந்த நீர் வெளியேறும். விரைவாகப் படிவது, நன்றாக இறுகுவது என்ற இரண்டும் ஒரே பொருளால் கிடைக்கின்றன.

ஆய்வகக் குடுவையில் இது அழகாக நடக்கிறது. மலைபோல் குவியும் கழிவைச் சூடாக்க எரிபொருள் செலவு என்ன ஆகும், பாலிமர் என்ன விலை என்பதுதான் சிக்கல். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சூடாக்குவதைவிடக் குளிரவைப்பதுதான் பெரும்பாடாக இருக்கும்! இன்னொன்று, இவ்வகைப் பாலிமர்களில் வினைபுரியாமல் தங்கும் மூலப்பொருள். பாலிமர் பெரிய கேடு செய்யாவிட்டாலும், பாலிஅக்ரிலமைடின் மூலமான அக்ரிலமைடு நரம்பைத் தாக்கும். ஆகவே “புதிய தொழில்நுட்பம் வந்துவிட்டது, ஆபத்தில்லை” என்று யாராவது சொன்னால் நான் அப்படியே நம்பமாட்டேன். சேற்றில் எவ்வளவு நீர் மிஞ்சும், பிரியும் நீர் எங்கே போகும், அதில் என்ன கலந்திருக்கும், அணை உடைந்தால் எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்று கேட்க வேண்டும்.

இந்தியாவில் கேட்பதற்கு இடமும் உண்டு. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவைப்படும் சுரங்க, ஆலைத் திட்டங்களுக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். திட்டத்தின் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் பார்க்கலாம். கூட்டத்துக்குப் போக முடியாதவர்கள் எழுத்தாகவும் கருத்துத் தரலாம். பேசிவிட்டு வருவதைவிட எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குவது மேல். இயங்கிக்கொண்டிருக்கும் ஆலை என்றால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் உள்ள அனுமதி நிபந்தனைகளையும் ஆய்வறிக்கைகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதிலுக்குக் கெடு 30 நாள். உயிருக்கு ஆபத்து தொடர்பான தகவலுக்கு 48 மணி நேரம்.

அதற்கும் அசையாவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பலர் தோற்பது இங்கே காலக்கெடுவில்தான். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்கு மேல் கதவு திறக்காது. மாசு குறித்த வழக்குக்கு 6 மாதம், இழப்பீட்டுக்கு 5 ஆண்டு. அனுமதி ஆணைகள் பரிவேஷ் இணையதளத்தில் வெளியாகின்றன. ஊரில் ஒருவராவது வாரம் ஒருமுறை அதைத் திறந்து பார்ப்பது நல்லது.